கருப்பைக்கும் கைப்பேசிக்கும் ஒரே பூட்டு

கருக்கலைப்பு உரிமையைப் பெண்கள் பிரச்சினை என்றும், அரசின் வேவு அதிகாரத்தை அரசியல் பிரச்சினை என்றும் தனித்தனியாகப் பேசிப் பழகிவிட்டோம். ஒன்று போனால் மற்றொன்றும் போகும் என்பதற்கு மூன்று நாடுகளின் வரலாறு சாட்சி.

கரக் சிங் உத்தரப் பிரதேசத்துக்காரர். 1941-ல் ஒரு கொள்ளை வழக்கில் போலீஸ் அவரைப் பிடித்தது. சாட்சியம் இல்லாததால் விட்டுவிட்டது. ஆனால் அவர் பெயரில் ஒரு ‘ஹிஸ்டரி ஷீட்’ திறந்து வைத்துக்கொண்டது. அதன்பின் கான்ஸ்டபிள்கள் ராத்திரி வேளையில் வாசலில் நின்று சத்தம் போடுவார்கள். கதவைத் தட்டி, தூங்குகிறவரை எழுப்பி, வெளியே வந்து முகத்தைக் காட்டச் சொல்வார்கள். வெளியூர் போவதென்றால் எங்கே போகிறார், எப்போது வருவார் என்று ஊர்க் காவலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். பொறுக்க முடியாமல் கரக் சிங் உச்ச நீதிமன்றப் படியேறினார்.

1962 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ராத்திரியில் வீடு தேடி வந்து எழுப்புவது செல்லாது என்று ஆறு நீதிபதிகள் கொண்ட அமர்வு சொன்னது. ஆனால் அந்தரங்கம் என்பது அரசியல் சட்டம் தந்த உரிமையே இல்லை, ஒருவரின் போக்குவரத்தைப் போலீஸ் கவனித்துக் குறித்துக்கொள்வதில் தவறில்லை என்று பெரும்பான்மை முடிவு செய்தது. நீதிபதிகள் கே. சுப்பா ராவும் ஜே.சி. ஷாவும் மட்டும் உடன்படவில்லை. எந்நேரமும் தன்னை ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்த மனிதன் சுதந்திரமாக நடமாடுவதாக எப்படிச் சொல்வது என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அதே மாதிரி இன்னொரு வழக்கு மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்தது. கோவிந்த் என்பவரைப் போலீஸ் இடைவிடாமல் கண்காணித்தது. 1975 மார்ச்சில் தீர்ப்பெழுதிய நீதிபதி கே.கே. மாத்யூ, அரசியல் சட்டத்தில் அந்தரங்கத்துக்கு இடமுண்டா என்று ஆராயும்போது இரண்டு அமெரிக்கத் தீர்ப்புகளை எடுத்துவைத்தார். ஒன்று, கருத்தடை பற்றிய கிரிஸ்வோல்ட் வழக்கு (1965). மற்றொன்று, கருக்கலைப்பு பற்றிய ரோ எதிர் வேட் வழக்கு (1973). போலீஸ் வேவு பற்றிய இந்திய வழக்கில் ஒரு பெண் தன் கருவை என்ன செய்யலாம் என்ற அமெரிக்க விவாதம் எப்படி நுழைந்தது? இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: குடிமகனின் வீட்டுக்குள், உடம்புக்குள், மனத்துக்குள் அரசு எந்தக் காரணமும் காட்டாமல் வரலாமா?

மாத்யூ போலீஸ் விதிகளைச் செல்லாதாக்கவில்லை. ஆனால் வழியைத் திறந்துவிட்டார். அந்த வழியில் நடந்துதான் 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஆதாரை எதிர்த்து ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்றார்கள். அந்தரங்கம் உரிமையே இல்லை என்ற கரக் சிங் தீர்ப்பின் பகுதி அன்றோடு காலாவதியானது. பிள்ளை பெறுவதா, கருவைக் கலைப்பதா என்று ஒரு பெண் எடுக்கும் முடிவு அந்தரங்கத்தின் எல்லைக்குள் வருவது என்று அந்த வழக்கில் நீதிபதி செலமேஸ்வர் வெளிப்படையாகவே எழுதினார். அடையாள அட்டையை எதிர்த்துத் தொடங்கிய வழக்கில் கருப்பையும் காப்புப் பெற்றது.

என் கருத்தை மூடி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கருவைச் சுமப்பதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அந்தப் பெண்ணுக்கே உரியது. குடிமக்களின் பேச்சையும் நடமாட்டத்தையும் நீதிபதியின் அனுமதியின்றி வேவு பார்க்கும் அதிகாரம் எந்த அரசுக்கும் இருக்கக் கூடாது. இவை இரண்டு கொள்கைகள் இல்லை. கருப்பைக்கும் கைப்பேசிக்கும் போட்டிருப்பது ஒரே பூட்டு. ஒன்றைத் திறக்கிற சாவி மற்றதையும் திறக்கும்.

ருமேனியா: தடையோடு வந்த கண்கள்

கருக்கலைப்பைத் தடுக்க நினைக்கும் அரசுக்கு முதலில் ஒன்று தெரிந்தாக வேண்டும்: யார் கர்ப்பமாக இருக்கிறார்கள்? அது தெரியாவிட்டால் தடை வெறும் காகிதம். தெரிந்துகொள்ளப் புறப்பட்டால் அரசு எங்கே போய் நிற்கும் என்பதை நிக்கோலாய் சௌசெஸ்கு ஆண்ட ருமேனியா காட்டியது.

1957 முதல் அங்கே கருக்கலைப்பு சட்டப்படி அனுமதிக்கப்பட்டிருந்தது. மக்கள்தொகையைப் பெருக்க வேண்டும் என்று முடிவெடுத்த சௌசெஸ்கு, 1966 அக்டோபரில் 770-ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தார். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள், நான்கு பிள்ளை பெற்றவர்கள், வல்லுறவுக்கு ஆளானவர்கள், உயிராபத்தில் இருப்பவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. மறு ஆண்டே பிறப்பு எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பானது. ஆனால் பெண்கள் வழி கண்டுபிடித்தார்கள். சில ஆண்டுகளில் எண்ணிக்கை மறுபடி இறங்கியது.

அரசு விடவில்லை. 1980-களில் தொழிற்சாலைகளுக்கே மருத்துவர்கள் அனுப்பப்பட்டார்கள். வேலை செய்யும் பெண்களை வரிசையில் நிறுத்தி, கர்ப்பமா என்று பரிசோதித்தார்கள். கர்ப்பம் என்று தெரிந்தால் பதிவு. அந்தக் கர்ப்பம் பிரசவத்தில் முடியாவிட்டால் விசாரணை. ‘செக்குரிட்டாட்டே’ என்ற ரகசியப் போலீஸின் கண் மகப்பேறு வார்டுகள் வரை வந்தது. ரத்தப்போக்கோடு வந்து விழும் பெண்ணிடம், யார் கலைத்துவிட்டது என்று பெயரைச் சொன்னால்தான் வைத்தியம் என்று பேரம் பேசப்பட்டது. தானாகவே கரு கலைந்த பெண்ணும் சந்தேகத்துக்குரியவளானாள். சொல்ல மறுத்துச் செத்தவர்கள் உண்டு. அந்த 23 ஆண்டுகளில் பாதுகாப்பற்ற கருக்கலைப்பால் இறந்த பெண்கள் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள்.

1989 டிசம்பர் 25 அன்று சௌசெஸ்கு சுட்டுக் கொல்லப்பட்டார். புதிய அரசு முதல் வேலையாக நீக்கிய சட்டங்களில் 770-ஆம் ஆணையும் ஒன்று. ருமேனிய மக்களுக்கு அந்த ஆணையும் ரகசியப் போலீஸும் வெவ்வேறாகத் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு நாம் நிம்மதிப் பெருமூச்சு விட முடியாது. கோவிந்த் வழக்குத் தீர்ப்பு வந்து மூன்று மாதத்தில் இந்தியாவில் நெருக்கடி நிலை வந்தது. நம் அரசு பிள்ளை பெறு என்று மிரட்டவில்லை. பெறாதே என்று மிரட்டியது. 1976-77 என்ற ஒரே ஆண்டில் 81 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைசிகிச்சைகள் நடந்ததை, நெருக்கடி நிலைக் கால அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷன் பதிவு செய்திருக்கிறது. ஆசிரியர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் ‘கேஸ்’ பிடித்து வரச் சொல்லி இலக்கு. இலக்கை எட்டாவிட்டால் சம்பளம் நிற்கும். யார் வீட்டில் எத்தனை பிள்ளை என்ற கணக்கு அரசின் கையில் இருந்ததால்தான் அது முடிந்தது. பெற்றே தீர வேண்டும் என்ற புக்காரெஸ்டுக்கும், பெறவே கூடாது என்ற டெல்லிக்கும் ஆசை வேறு, ஆயுதம் ஒன்று.

அமெரிக்கா: சாட்சி சொல்லும் கைப்பேசி

சர்வாதிகார நாட்டில் நடந்ததை ஜனநாயக நாட்டோடு ஒப்பிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காக அமெரிக்கா.

கனெக்டிகட் மாநிலத்தில் 1879-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. கருத்தடைச் சாதனங்களைத் தம்பதியர்கூடப் பயன்படுத்தக் கூடாது என்றது அது. 1961-ல் நியூ ஹேவன் நகரில் எஸ்டெல் கிரிஸ்வோல்டும் மருத்துவர் லீ பக்ஸ்டனும் வேண்டுமென்றே ஒரு கருத்தடை மருத்துவ மையத்தைத் திறந்து கைதானார்கள். 1965-ல் அந்தச் சட்டத்தைத் தூக்கியெறிந்த உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வில்லியம் டக்ளஸ் கேட்ட கேள்வி போலீஸைப் பற்றியது. இந்தச் சட்டத்தை அமல்படுத்த வேண்டுமென்றால் தம்பதியரின் படுக்கையறைக்குள் போலீஸைச் சோதனையிட விடுவோமா என்று கேட்டார். இரண்டே ஆண்டில், 1967-ல், பொதுத் தொலைபேசிக் கூண்டின் மேல் ஒட்டுக்கேட்கும் கருவி பொருத்திய எஃப்.பி.ஐ.யை எதிர்த்த காட்ஸ் வழக்கிலும் குடிமகன் வென்றார். 1973-ல் ரோ எதிர் வேட் தீர்ப்பு வந்தது. படுக்கையறை, தொலைபேசி, கருப்பை என்று மூன்றும் எட்டே ஆண்டுக்குள் அடுத்தடுத்துக் காப்புப் பெற்றன.

2022 ஜூன் 24 அன்று டாப்ஸ் வழக்கில் ரோ தீர்ப்பு ரத்தானது. அதே நாளில் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் தனியாக எழுதிய தீர்ப்புரையில், கிரிஸ்வோல்டையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றார். ஒன்றை எடுத்தால் அடுத்ததும் ஆடும் என்பதை அவரே சொல்லிவிட்டார்.

1973-க்கு முன்பு கருக்கலைப்பைத் தடுத்த அமெரிக்கப் போலீஸின் கையில் கைப்பேசி இல்லை. இன்று இருக்கிறது. நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு தாயும் பதினேழு வயது மகளும் ஃபேஸ்புக் மெசஞ்சரில் கருக்கலைப்பு மாத்திரைகளைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். போலீஸ் 2022-ல் வாரன்ட் காட்டி அந்த உரையாடலை மெட்டா நிறுவனத்திடமிருந்து வாங்கியது. அந்த மாநிலத்தின் அன்றைய 20 வார வரம்பைக் கரு தாண்டியிருந்தது. மறு ஆண்டு மகளுக்கு 90 நாள் சிறை. தாய்க்கு இரண்டு ஆண்டு. போலீஸ் இதில் திருட்டு வேலை எதுவும் செய்யவில்லை. நீதிமன்றத்தில் முறையாக வாரன்ட் வாங்கியது. அதுதான் என்னை அதிகம் கலங்க வைக்கிறது. ஒரு செயலைக் குற்றம் என்று அறிவித்துவிட்டால், மகள் அம்மாவிடம் சொன்ன வார்த்தையும் அரசுத் தரப்பு ஆவணமாகிவிடுகிறது.

2025 மே மாதம் இன்னொரு செய்தி வெளிவந்தது. மருந்து சாப்பிட்டுத் தானே கருவைக் கலைத்துக்கொண்டதாகச் சொல்லப்பட்ட ஒரு பெண்ணைத் தேடி, டெக்சாஸ் மாநிலத்தின் ஒரு ஷெரிஃப் அலுவலகம் நாடெங்கும் 80,000-க்கும் மேற்பட்ட நம்பர் பிளேட் கேமராக்களின் பதிவுகளில் தேடியிருந்தது. கருக்கலைப்பு சட்டபூர்வமாக உள்ள மாநிலங்களின் கேமராக்களும் அதில் அடக்கம். பெண்ணின் பாதுகாப்புக்காகத்தான் தேடினோம் என்றார் ஷெரிஃப். அவர் நோக்கம் எதுவாகவும் இருக்கட்டும். திருட்டுக் காரைப் பிடிக்கிறோம் என்று ஊர் ஊராகப் பொருத்திய கேமரா, கருவைக் கலைத்த பெண்ணைத் தேடவும் தயாராக இருந்தது என்பதே இதில் நாம் கற்க வேண்டிய பாடம்.

வேவு அதிகாரத்துக்குக் கடிவாளம் போட அங்கே முயற்சி நடக்காமல் இல்லை. வெளிநாட்டு உளவுச் சட்டத்தின் 702-ஆம் பிரிவின் கீழ், வெளிநாட்டவரைக் குறிவைத்துத் திரட்டும் தகவல் குவியலில் அமெரிக்கர்களின் பேச்சும் சிக்குகிறது. அதில் தேட எஃப்.பி.ஐ. வாரன்ட் வாங்கியாக வேண்டும் என்ற திருத்தம் 2024 ஏப்ரலில் பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 212, எதிர்ப்பு 212. சமநிலையானதால் திருத்தம் தோற்றது. இரு கட்சியினரும் இரு பக்கமும் பிரிந்து நின்றார்கள். கருக்கலைப்பை எதிர்க்கும் பழமைவாதிகள் பலர் அரசின் வேவையும் எதிர்த்தார்கள். அவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. தன் தொலைபேசிக்குள் வரக் கூடாத அரசு, பக்கத்து வீட்டுப் பெண்ணின் வயிற்றுக்குள் மட்டும் வரலாமா?

இங்கே அது உரிமையா, சலுகையா?

டாப்ஸ் தீர்ப்பு வந்து மூன்று மாதத்தில், 2022 செப்டம்பர் 29 அன்று, நம் உச்ச நீதிமன்றம் நேரெதிர்த் திசையில் நடந்தது. இருபத்தைந்து வயதான, திருமணமாகாத பெண் ஒருவர் 20 வாரத்தைத் தாண்டிய கருவைக் கலைக்க அனுமதி கேட்டிருந்தார். நீதிபதிகள் சந்திரசூட், போபண்ணா, பர்திவாலா அமர்வு, 24 வாரம் வரையிலான சலுகையில் திருமணமானவர், ஆகாதவர் என்ற பேதம் செல்லாது என்றது. கணவனின் வல்லுறவால் தரித்த கருவும் கருக்கலைப்புச் சட்டத்தின் நோக்கத்துக்கு வல்லுறவுக் கருவே என்றது. எந்த நாட்டு நீதிமன்றத்துக்கும் பெருமை சேர்க்கும் தீர்ப்பு அது.

ஆனால் அந்தப் பெருமையின் அடியில் ஒரு பள்ளம் இருக்கிறது. இந்தியாவில் கருக்கலைப்பு இன்னும் குற்றம்தான். 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவு, கருவைக் கலைத்துவிட்டவரோடு கலைத்துக்கொண்ட பெண்ணையும் தண்டித்தது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 88-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. இலங்கையில் 1883-ஆம் ஆண்டுச் சட்டம் தாயின் உயிரைக் காக்க மட்டுமே அனுமதிக்கிறது. நம் நாட்டில் 1971-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டமும் அதன் 2021 திருத்தமும் அதைவிடத் தாராளம். ஆனாலும் அச்சட்டம் செய்வது ஒன்றுதான்: இன்னின்ன நிபந்தனைப்படி செய்தால் மருத்துவருக்குத் தண்டனை இல்லை என்கிறது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து, 24 வரை இருவரின் கருத்து, அதற்கு மேல் கருவில் பெரிய குறைபாடு இருந்தால் மருத்துவ வாரியம். பெண்ணின் விருப்பம் மட்டுமே போதும் என்று எந்த வாரத்துக்கும் எழுதப்படவில்லை.

இதன் விளைவை 2023 அக்டோபரில் பார்த்தோம். இரண்டு பிள்ளைகளின் தாய், பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய்க்கு மருந்து சாப்பிடுபவர். பாலூட்டும் காலமென்பதால் மாதவிலக்கு வராமல், கர்ப்பம் தெரிய வரவே தாமதமாகிவிட்டது. உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் முதலில் கருக்கலைப்பை அனுமதித்தார்கள். அரசு திரும்ப வந்து ஆட்சேபித்தது. இரு நீதிபதிகளும் வேறு வேறு கருத்துக்குப் போனார்கள். கடைசியில் மூவர் அமர்வு அனுமதி மறுத்தது. பெண்ணின் விருப்பத்துக்கே மதிப்பு என்று நீதிபதி நாகரத்னா எழுதியது மாற்றுக் கருத்தாகவே நின்றுவிட்டது. ஏழு நாளில் மூன்று முறை ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி முடிவு மாறியது. அவர் மனநிலையும் குடும்பச் சூழலும் நாட்டின் தலைப்புச் செய்தியாயின. உரிமை உள்ளவருக்கு இப்படி நடக்காது.

ரகசியத்தைக் காக்கச் சட்டத்தில் நல்ல ஏற்பாடுகள் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். கருக்கலைப்புச் சேர்க்கைப் பதிவேடு ரகசிய ஆவணம். மற்ற பதிவுகளில் பெயருக்குப் பதில் வரிசை எண்தான் எழுத வேண்டும். விவரத்தை வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை என்று 2021 திருத்தம் சேர்த்தது. பதினெட்டு வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். கணவன் கையெழுத்து தேவையில்லை.

நடைமுறை வேறு. ‘வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா’ என்ற குரல் இன்னும் மருத்துவமனைகளில் கேட்கிறது. ஆதார் நகல் கேட்கிறார்கள். கல்யாணம் ஆகிவிட்டதா என்று பத்துப் பேர் காதுபடக் கேட்கிறார்கள். அதனால் பெண்கள் சத்தமில்லாமல் விலகிப் போகிறார்கள். 2015-ல் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் 1.56 கோடி என்றும், அவற்றில் 73 விழுக்காடு மருத்துவமனைக்கு வெளியே மாத்திரைகளால் நடந்தவை என்றும் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. நம் பாட்டிகள் காலத்தில் எருக்கங்குச்சி இருந்தது. இன்று மருந்துக்கடை இருப்பதால் சாவு குறைந்திருக்கிறது. ஆனால் யாருக்கும் தெரியாமல் முடிய வேண்டும் என்ற பயம் அப்படியே இருக்கிறது.

பயம் அதிகம் விரட்டுவது சிறுமிகளைத்தான். போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பெண் கர்ப்பமாக வந்தால் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று மருத்துவரைக் கட்டாயப்படுத்துகிறது. குழந்தைகளைக் காக்க எழுதிய பிரிவு அது. அதன் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் காதலித்த பையன் சிறைக்குப் போவான், ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும் என்று பயப்படும் பதினேழு வயதுப் பெண், அரசு மருத்துவமனையை விட்டுவிட்டு யாரோ ஒரு போலி டாக்டரிடம் போகிறாள். 2022 தீர்ப்பு இதைப் புரிந்துகொண்டு, அந்தப் பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் அவள் பெயரைப் போலீஸிடம் சொல்ல வேண்டியதில்லை என்றது. 2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஆனந்த் வெங்கடேஷ், சுந்தர் மோகன் அமர்வும் அதையே வலியுறுத்தியது. இந்தச் செய்தி ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையச் சுவரிலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும்.

மாதம் ஒன்பதாயிரம் உத்தரவு

மருத்துவமனைப் பதிவேட்டில் பெயர் இல்லாமல் காத்துவிடலாம். அந்தப் பெண்ணின் கைப்பேசியை யார் காப்பது?

1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம், பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ காரணமாக இருந்தால் ஒட்டுக்கேட்க அரசை அனுமதித்தது. 1996 டிசம்பரில் பி.யூ.சி.எல். வழக்கில் உச்ச நீதிமன்றம், உள்துறைச் செயலர் கையெழுத்திட வேண்டும், மறுஆய்வுக் குழு பார்க்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்திலும் அந்த அமைப்புதான் தொடர்கிறது. உத்தரவு போடுபவரும் அதிகாரி, அதைச் சரிபார்ப்பவர்களும் அதிகாரிகள். நீதிபதிக்கு எங்கும் வேலையில்லை.

மத்திய அரசு மாதம் 7,500 முதல் 9,000 வரை ஒட்டுக்கேட்பு உத்தரவுகள் போடுவதாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பெறப்பட்ட பதில் ஒன்று சொன்னது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் மறுஆய்வுக் குழு ஒரே அமர்வில் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பார்க்க வேண்டும் என்று 2018-ல், தரவுப் பாதுகாப்பு பற்றி ஆராய அரசு அமைத்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழுவே கணக்குப் போட்டுக் காட்டியது. ஓர் உத்தரவுக்கு அரை நிமிடம்கூடக் கிடைக்காது.

2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், சாதாரணக் குற்றத்தைக் கண்டுபிடிக்க ரகசியமாக ஒட்டுக்கேட்க அரசுக்கு அதிகாரமில்லை என்று ஓர் உத்தரவை ரத்து செய்தார். போக்சோ வழக்கில் சிறுமியின் பெயரைக் காத்த அமர்வில் இருந்தவரும் இவரே. இரண்டு தீர்ப்புக்கும் அடியில் ஓடுவது புட்டசாமி தீர்ப்பு. அந்தரங்கத்தில் அரசு கைவைக்க வேண்டுமானால் அதற்குச் சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சாத அளவு வேண்டும் என்பது அதன் அளவுகோல்.

நாடாளுமன்றமோ எதிர்ப்பக்கம் போகிறது. 2023-ல் வந்த எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, மத்திய அரசு நினைத்தால் தன் அமைப்புகளுக்கு ஓர் அறிவிக்கையின் மூலம் விலக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்கிறது. தனியார் செயலி பெண்ணின் மாதவிலக்குத் தேதியை விற்றால் அபராதம் உண்டு. விலக்குப் பெற்ற அரசு அமைப்பு அதையே எடுத்து ஆராய்ந்தால் கேட்பார் இல்லை.

பெண் சிசுவை யார் காப்பது?

என் நிலைப்பாட்டுக்கு எதிரான வலுவான கேள்வி நம் மண்ணிலிருந்துதான் எழுகிறது. உசிலம்பட்டியையும் சேலத்தையும் மறந்துவிட்டு இதைப் பேச எனக்கு உரிமையில்லை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கிய மாநிலம் தமிழ்நாடு. கள்ளிப்பாலின் இடத்தை ஸ்கேன் எடுத்துக்கொண்டபோது, கருவின் பாலினத்தைச் சொல்வதைத் தடை செய்து 1994-ல் சட்டம் வந்தது. 2011 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் ஆறு வயதுக்கு உட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 919 பெண் குழந்தைகளே இருந்தார்கள். கண்காணிக்காமல் விட்டால் பெண் கருக்கள் அழியும் என்ற கவலை பொய்யில்லை.

அந்தச் சட்டத்தை நான் ஆதரிக்கிறேன். ஏனென்றால் அது கண் வைப்பது ஸ்கேன் மையத்தின் மீதும், காசுக்கு ஆணா பெண்ணா சொல்லும் மருத்துவர் மீதும். எல்லை தாண்டும் யோசனைகள் அதையொட்டியே வருகின்றன. 2016 பிப்ரவரியில் அன்றைய மத்திய அமைச்சர் மேனகா காந்தி, பாலினத்தை எல்லாருக்கும் சொல்லிவிட்டு, அந்தக் கணம் முதல் ஒவ்வொரு கர்ப்பிணியையும் பதிவு செய்து பிரசவம் வரை பின்தொடரலாம் என்று யோசனை சொன்னார். நல்லெண்ணம்தான். ஆனால் பெண் கருவைக் காக்க எல்லாக் கர்ப்பிணிகளையும் சந்தேகப் பட்டியலில் சேர்க்கும் யோசனை அது. கரு தானாகக் கலைந்து அழுதுகொண்டிருப்பவளின் வாசலில் அதிகாரி வந்து நிற்பார். மகனைக் கேட்டு வற்புறுத்திய மாமியாரையும் கணவனையும் அவர் எதுவும் கேட்க மாட்டார்.

தமிழ்நாட்டில் ஏற்கெனவே கர்ப்பிணிகள் பதிவு இருக்கிறது. ‘பிக்மி’ எண் இல்லாத கர்ப்பிணி அநேகமாக இல்லை. கிராம சுகாதாரச் செவிலியர் வீடு தேடி வந்து பெயரெழுதி, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, ரத்த அழுத்தம் பார்க்கிறார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகைக்கும் அந்தப் பதிவுதான் அடிப்படை. 2018-20-ல் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 54 என்ற அளவுக்குத் தாய் இறப்பைக் குறைத்ததில் அந்தச் செவிலியர்களின் உழைப்புக்குப் பெரும் பங்குண்டு. அவர்களுக்கு என் வணக்கம். அதே பதிவேடு நாளை ஒரு போலீஸ் நிலையத்துக்கோ சாதிச் சங்கத்துக்கோ போகாது என்று யார் உத்தரவாதம் தருவது? சாதி மாறிக் காதலித்தவர்களைத் தேடிப் பிடித்து வெட்டும் ஊரில், இன்ன வீட்டுப் பெண் கருத்தரித்திருக்கிறாள் என்ற தகவல் உயிரைப் பறிக்கக்கூடியது. வைத்தியத்துக்காகச் சொன்னது வைத்தியத்துக்கு மட்டுமே என்று சட்டத்தில் எழுதினால்தான் செவிலியர் மீதுள்ள நம்பிக்கையும் நிலைக்கும்.

கருவையும் உயிராகக் கருதுபவர்கள் நம்மிடையே பலர். அவர்கள் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். அதன்படி வாழ அவர்களுக்கு முழு உரிமையுண்டு. ஆனால் அதைப் போலீஸை வைத்து அமலாக்கக் கேட்டால், ருமேனியாவின் மகப்பேறு வார்டு வரை அந்தப் பாதை போகும் என்பதையும் அவர்கள் ஏற்றாக வேண்டும். பெண்களை வேவு பார்க்காமல் கருக்கலைப்பைத் தடுத்த அரசை நான் எங்கும் பார்த்ததில்லை.

என்ன கேட்க வேண்டும்?

நாம் கேட்க வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. முதலாவது, தன் கருவைக் கலைத்துக்கொண்ட பெண்ணைத் தண்டிக்கும் பகுதியை 88-ஆம் பிரிவிலிருந்து நீக்க வேண்டும். முதல் 12 வாரம்வரையாவது அவள் விருப்பம் ஒன்றே போதும் என்று சட்டத்தில் எழுத வேண்டும். இரண்டாவது, கர்ப்பம், பிரசவம், கருக்கலைப்பு பற்றிய எந்த அரசுப் பதிவையும் குற்ற விசாரணைக்குத் தரக் கூடாது. வல்லுறவு வழக்கில் பாதிக்கப்பட்டவரே சம்மதித்தால் மட்டும் விலக்கு. மூன்றாவது, ஒட்டுக்கேட்புக்கும் தரவு எடுப்புக்கும் முன்கூட்டியே நீதிபதியின் அனுமதி வேண்டும். ஆண்டுதோறும் எத்தனை உத்தரவு என்று நாடாளுமன்றத்தில் கணக்கு வைக்க வேண்டும். நான்காவது, தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அரசு தனக்குத்தானே விலக்குக் கொடுத்துக்கொள்ளும் பிரிவு போக வேண்டும்.

தீர்ப்புகள் இருக்கும்போது சட்டம் எதற்கு என்று கேட்கலாம். ருமேனியப் பெண்கள் 1957-ல் பெற்ற உரிமை ஒன்பதே ஆண்டில் ஓர் ஆணையால் பறிபோனது. அமெரிக்கப் பெண்கள் 49 ஆண்டுகள் நம்பியிருந்த உரிமை ஒரு தீர்ப்பால் வந்தது, இன்னொரு தீர்ப்பால் போனது. நம்முடைய உரிமையும் இன்று பெரும்பாலும் நீதிபதிகளின் பேனாவில்தான் நிற்கிறது. வேவு பார்க்கும் அதிகாரமோ சட்டப் புத்தகத்தில் அழுத்தமாக எழுதப்பட்டிருக்கிறது. ஆட்சிகள் மாறும், எழுதிய அதிகாரம் அடுத்தவர் கைக்குப் போகும். ஆகவே உங்கள் தொகுதி எம்.பி. எந்தக் கட்சியானாலும், அடுத்த முறை வாக்குக் கேட்டு வரும்போது இந்த நான்கையும் அவர் முன் வைத்துப் பதில் கேளுங்கள். பெண்கள் கேட்டால் மட்டும் போதாது. ஆண்களும் சேர்ந்து கேட்க வேண்டும். காப்பாற்ற வேண்டியது எல்லாருடைய உரிமையும்தான்.